கை இறங்கும்வரை

"முதல்ல வலையைக் கழட்டுங்க. அப்புறம் மேஜையை மூலைக்குத் தள்ளுங்க. சாவுக்கு வர்றவங்க டேபிள் டென்னிஸ் ஆடவா போறாங்க?"

சின்னவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, காவலாளியும் மூன்றாம் மாடிக்காரியின் வீட்டுக்காரரும் அந்தப் பச்சை மேஜையைக் கூடத்தின் மூலைக்கு இழுத்தார்கள். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருந்த பொதுக்கூடம் அது. பிள்ளைகளின் பிறந்தநாளும், குடியிருப்போர் சங்கத்தின் மாதாந்தரச் சண்டையும் நடக்கிற இடம். இன்றைக்கு அதன் நடுவில் அவளுடைய அக்கா படுத்திருந்தாள். பெட்டியைத் தாங்கிகளின் மேல் வைத்து, மூடியைச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். மத்தியானத்துக்கு முன்னால் வண்டி கிளம்ப வேண்டும்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். ஒருவர் பின்னால் ஒருவராக, முன்னால் போகிறவரின் காலடியிலேயே தன் காலடியை வைக்கிற மாதிரி, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் கூடத்துக்குள் நுழைந்தார்கள். எல்லாருடைய உடுப்பும் காய்ந்த இலை நிறம், இல்லாவிட்டால் சேற்று நிறம். ஒருவர் காதில் ஒருவர் குனிந்து கிசுகிசுத்துக்கொண்டார்கள்.

"பாவம், துக்கத்துல பேச்சே வரலை பாரு," என்றாள் மூன்றாம் மாடிக்காரி.

"துக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவங்க குரலே அவ்வளவுதான்," என்றாள் சின்னவள். "கல்யாணத்துக்குப் போனாலும் இப்படித்தான் பேசுவாங்க. சத்தம் போட்டா குருவி பறந்துடுமாம்."

குருவிக் கூட்டம். அந்தக் குடியிருப்பில் அவர்களுக்கு அதுதான் பெயர். ஞாயிறு தவறாமல் விடிகிற நேரத்தில் ஒரு வேன் வந்து வாசலில் நிற்கும். ஹார்ன் அடிக்காது. அக்கா தோளில் பையும் கழுத்தில் தொலைநோக்கியுமாக இறங்கிப் போவாள். ஒரு வாரம் ஏரிப் பூங்கா, ஒரு வாரம் சதுப்புக் காடு, இன்னொரு வாரம் நகரத்துக்கு வெளியே இருக்கிற சரணாலயம். வெயில் ஏறியதும் முகம் சிவந்து, கணுக்காலெல்லாம் கொசுக்கடியோடு திரும்பி வருவாள். என்னத்தைப் பார்த்தாய் என்று கேட்டால் வாயில் நுழையாத நாலு பெயரைச் சொல்வாள். சின்னவள் ஜன்னலைக் காட்டுவாள்.

"ஏசி பெட்டி மேல எந்நேரமும் புறா உட்கார்ந்து அசிங்கம் பண்ணிக்கிட்டிருக்கு. அதைப் பாத்தா ஆகாதா? அதுக்கு எதுக்கு வேனு, எதுக்குத் தொப்பி?"

"புறா நம்மளைப் பாக்க வருதுடி. அது வேற," என்பாள் அக்கா.

எல்லாம் கண் டாக்டர் செய்த வேலை. அக்கா தையல்காரி. அந்தக் குடியிருப்பில் பாதிப் பெண்களின் சுற்றளவு அவளுக்கு மனப்பாடம். யாரிடமும் சொன்னதில்லை, சின்னவள் எவ்வளவு கேட்டும். ஊசியின் கண்ணையும் தையல் வரியையும் பார்த்துப் பார்த்து, ஒரு கட்டத்தில் சாயங்காலமானால் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். "வாரத்துல ஒரு நாளாவது தூரத்தைப் பாத்துப் பழகுங்க. நானே ஒரு குழுவுல இருக்கேன், வாங்களேன்," என்றார். அக்கா போனாள். முதல் நாள் திரும்பி வந்து, நாரை ஒன்று ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நின்றது என்று இரண்டு கையையும் விரித்துச் சொன்னாள். அதற்குமுன் அக்கா எதையும் கையை விரித்துச் சொல்லி யாரும் பார்த்ததில்லை.

சின்னவளும் ஒரு தடவை அவளோடு போனாள். அக்காவுக்காக என்று சொல்லிக்கொண்டாலும், அந்த வேனில் யார் யார் ஏறுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் கதையெல்லாம் கேட்டுப் பழகியவள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஒரு கதையும் கிடைக்கவில்லை. வேனை விட்டு இறங்கியதிலிருந்து யாரும் வாயைத் திறக்கவில்லை. வரிசையில் மெதுவாக நடக்கிறவர்களைத்தான் முன்னால் விடுவார்கள். அப்போதுதான் யாரும் பின்தங்க மாட்டார்களாம். முன்னால் போகிறவருக்கு ஏதாவது தென்பட்டால் கையை உயரத் தூக்குவார். உள்ளங்கையைப் பார்த்ததும் மொத்த வரிசையும் நின்ற இடத்தில் நின்றுவிட வேண்டும். கை இறங்கும்வரை பேச்சு இல்லை, அசைவு இல்லை, தும்மல்கூட இல்லை. அன்றைக்குக் கை ஏறிய நேரம் பார்த்துச் சின்னவள் ஓர் எறும்புப் புற்றின் மேல் காலை வைத்திருந்தாள். எறும்புகள் முழங்கால்வரை ஏறின. பசி வேறு. பையில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தைத் தொட்டதுதான் தாமதம், வரிசைக்கு நடுவிலிருந்து ஒரு நீளமான கழுத்து திரும்பியது. உதட்டின் மேல் ஒரு விரல்.

அதுதான் கொக்கு. அந்தப் பெயரை வைத்தது அக்காதான், வீட்டுக்குள் மட்டும். ஏதோ கல்லூரியில் துணை முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் குழுவுக்குத் தலைவர். கழுத்தும் காலும் நீளம். பேசுவதற்குமுன் ஒரு முறை கழுத்தை உள்ளே இழுத்து, அப்புறம்தான் நீட்டுவார்.

இப்போது அவர்தான் வரிசையின் முன்னால் நின்றார். கையில் பழுப்புத் தாள் சுற்றிய சட்டம் ஒன்று, நல்ல பெரிசு. அத்தான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அத்தான் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வேலைக்காலம் முழுக்க மொட்டைமாடி மோட்டார் அறைகளின் இரைச்சலில் நின்று இடது காதைத் தொலைத்தவர். நல்ல மனுஷன், யார் எது சொன்னாலும் தலையாட்டுவார். பாதி கேட்காததால் ஆட்டுகிறார் என்று அக்கா சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை காலை கொக்கு போன் செய்ததிலிருந்து அவர் ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நடமாடினார். வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொன்னார். "ஒரு நொடிதானாம். பறவையைப் பாத்துக்கிட்டே போயிட்டா. வலியே இல்லையாம்." சொல்லும்போது அந்த முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. நேற்று பால்காரரிடம் சொன்னார். மூன்றாம் மாடிக்காரியிடம் மூன்று தடவை. அவளும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

"எங்க எல்லாருக்கும் இப்படி ஒரு சாவு கிடைக்கணும்னுதான் சார் ஆசை," என்று கிசுகிசுத்தார் கொக்கு.

"எப்படி?" என்று வலது காதைத் திருப்பினார் அத்தான்.

"கொடுத்துவச்சவங்க, சார்."

அத்தான் தலையாட்டினார்.

சட்டத்தைப் பிரித்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் வைக்க ஒரு ஸ்டூல் தேவைப்பட்டது. குழுவின் கேமராக்காரர் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். படத்தை எடுத்தவரும் அவர்தான். சின்னவள் எட்டிப் பார்த்தாள்.

படம் முழுக்க ஒரு பறவை. கோழிக்குஞ்சைவிடக் கொஞ்சம் பெரிசு. நீலத் தலை, சிவந்த நீளக் கால். சேற்றில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. ஒவ்வொரு இறகும் எண்ணி எடுக்கலாம் போல அவ்வளவு தெளிவு.

"இதுல எங்க அக்கா எங்க?" என்றாள்.

கேமராக்காரர் குனிந்து படத்தின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே மங்கலாக, கரைந்துபோன மாதிரி, ஒரு பச்சைத் துண்டு இருந்தது. "இது அவங்க தோள். மேல போறது கை. பறவை மேல போக்கஸ் வச்சதால கொஞ்சம் அவுட் ஆயிடுச்சு."

சின்னவள் அந்தப் பச்சையைப் பார்த்தாள். பிறகு கேமராக்காரரைப் பார்த்தாள். சாவு வீட்டுக்கு யாருடைய படத்தைக் கொண்டுவருவது என்று இந்த உலகத்தில் ஒரு முறை இருக்கிறதே என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் மூன்றாம் மாடிக்காரி, "ஐயோ, என்ன அழகு," என்றாள். அத்தான் சட்டைக் கைநுனியால் கண்ணாடியின் மேல் இருந்த விரல்தடத்தைத் துடைத்தார்.

பெயர் சொல்ல மாட்டார்களாம் அந்தப் பறவைக்கு. வெட்கக்காரி என்றுதான் சொல்வார்கள். காட்டுக்குள் வைத்து அதன் நிஜப் பெயரைச் சொன்னால் வராதாம். எத்தனையோ வருஷமாகத் தேடி, சத்தம் மட்டும் கேட்டு, ஒருத்தர் கண்ணிலும் படாமல் இருந்ததாம். இதையெல்லாம் கொக்கு அத்தானின் கேட்காத காதில் விளக்கிக்கொண்டிருந்தார். படித்தவர்கள் கூட்டம் என்று பெயர்தான்.

கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. தண்ணீர்க் குழாயும், தேநீர் போட ஒரு மின்கெட்டிலும் உண்டு. சின்னவள் காகிதக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து ஒரு பெண் உள்ளே வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வங்கியில் வேலை. குழுவில் சேர்ந்து இரண்டு ஞாயிறுதான் ஆகிறது என்று கேட்காமலேயே சொன்னாள். மற்றவர்கள் போல அவளுக்கு இன்னும் சேற்று நிறம் வாய்க்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நான் ஏதாவது செய்யட்டுமா?"

"சர்க்கரை போடும்மா. ரெண்டு ரெண்டு ஸ்பூன்." சின்னவள் கெட்டிலைச் சாய்த்தாள். பல் ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட வித்தை அது: வலியோடு வருகிறவரிடம் நேராகக் கேட்டால் இல்லை என்பார்கள். ஏதாவது ஒரு சின்ன வேலையைக் கையில் கொடுத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

இரண்டு கோப்பை ஆனது. மூன்றாவதில் அந்தப் பெண் ஸ்பூனை நிறுத்தினாள்.

"ஒரு நொடின்னு சொல்றாங்களே," என்றாள்.

"ம்."

"நான் அவங்களுக்கு ரெண்டு பேர் பின்னாடி நின்னேன்."

"ம். அந்தக் கோப்பைக்குப் போட்டாச்சா?"

"போட்டேன். மரப்பாலத்துல போய்க்கிட்டிருந்தோம். சதுப்புக்கு மேல போடுவாங்களே, பலகை வச்சு, அது. உங்க அக்காதான் முன்னாடி. கைப்பிடியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. இன்னொரு கையைத் தூக்கினாங்க. நாங்க எல்லாரும் நின்னுட்டோம்."

"சரி."

"பக்கத்துல ஒரு கம்பம் இருந்துச்சு, கூரையைத் தாங்குற கம்பம். தூக்கின கையால அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. கை இறங்கலை. அதனால நாங்களும் அசையலை. அவங்க எந்தப் பக்கம் திரும்பியிருக்காங்களோ அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நின்னோம். அங்க ஒண்ணுமே இல்ல. ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல."

சின்னவள் கெட்டிலைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

"அவங்க கை நடுங்கிச்சு," என்றாள் வங்கிக்காரி. "நான் பாத்தேன். முன்னால நின்ன தலைவர்கிட்ட, கை நடுங்குதுன்னு சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். அவர் திரும்பி," என்று உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

"நீ?"

"நான் பேசாம இருந்துட்டேன். புதுசுதானே. சந்தோஷத்துல நடுங்குதுன்னு நினைச்சேன். அந்தப் பறவைக்காக எல்லாரும் அப்படி இருந்தாங்க." மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் நாணலுக்குள்ள இருந்து அது வெளிய வந்துச்சு. நிஜமாவே வந்துச்சு. நாங்க அவ்வளவு நேரம் அசையாம நின்னதாலதான் வந்துச்சுன்னு தலைவர் அப்புறம் சொன்னாரு. எல்லாரும் படம் எடுத்தாங்க. அப்பத்தான் உங்க அக்கா மெதுவா உட்கார்ந்தாங்க."

"உட்கார்ந்தாளா?"

"கம்பத்துல சாஞ்சு, பலகையில. தாழ்வா இருந்து பாக்கிறதுக்குன்னு நினைச்சு நாங்களும் உட்கார்ந்தோம்."

சின்னவள் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

"எல்லாருமா?" என்றாள் சின்னவள்.

"எல்லாரும். வரிசையா."

"டாக்டரும்?"

"டாக்டரும்."

வாயில்லையா உனக்கு என்று கேட்கத்தான் சின்னவள் திரும்பினாள். அந்தப் பெண் ஒரே கோப்பையில் நான்காவது ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னவள் அதை அவள் கையிலிருந்து வாங்கித் தொட்டியில் கொட்டினாள்.

"இதை எங்க அத்தான்கிட்டச் சொன்னியா?"

"இல்ல. சொல்லக் கூடாதுன்னு தலைவர் சொன்னாரு. குடும்பத்துக்கு ஆறுதலா இருக்கட்டும்னு."

ஆறுதல். சின்னவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கொக்கு மூலையில், டேபிள் டென்னிஸ் மேஜையின் மேல் ஒரு தாளை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பேசப் போகிறாராம், இரண்டு வார்த்தை. கண் டாக்டர் பக்கத்தில் நின்று திருத்தம் சொன்னார். சாவு வீட்டில் பேச்சுக்கு ஒத்திகை.

"சார்."

கழுத்து உள்ளே போய் வெளியே வந்தது. "சொல்லுங்கம்மா."

"எங்க அக்கா கையைத் தூக்கினது உங்களைக் கூப்பிடறதுக்கு."

கொக்கு பேனாவை மூடினார். வங்கிக்காரி நின்ற அறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். "அந்தப் பொண்ணு புதுசும்மா. அதுக்கு என்ன தெரியும்."

"கை நடுங்குதுன்னு தெரிஞ்சிருக்கு."

"அது எங்க சைகை. உங்க அக்காவுக்கு எத்தனையோ வருஷப் பழக்கம். தெளிவா இருந்துச்சு. அதுவும் பறவை வந்ததே. அவங்க காட்டின பக்கத்துலேயே வந்துச்சு. அவங்கதான் முதல்ல பாத்தவங்கன்னு நான் பதிவு பண்ணப் போறேன். வேற யாராவது இருந்தா தன் பேரைப் போட்டுக்குவாங்க."

"உதவி வேணும்னா குரல் கொடுத்திருப்பாங்களே," என்றார் கண் டாக்டர்.

"குரல் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தது யாரு?"

சின்னவளின் குரல் அவளுக்கே தெரியாமல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவளையும் அறியாமல் அவளும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். அது தெரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது. அக்காவுக்குக் குரல் வரவில்லையா, இல்லை வந்த குரலையும் அடக்கிக்கொண்டாளா? அவள் எதைச் செய்திருப்பாள் என்று சொல்ல முடியாது. ஊசி நகத்துக்குள் ஏறியபோதுகூட, அளவு கொடுக்க வந்தவள் பயந்துவிடுவாளே என்று சத்தம் காட்டாமல் நின்றவள். நெஞ்சைப் பிடிக்கிறது, பின்னால் இத்தனை பேர் இத்தனை வருஷமாகத் தேடுகிறார்கள், கத்தினால் பறந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. இனி அதை யாரைப் போய்க் கேட்பது?

"எப்படி இருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதும்மா," என்றார் டாக்டர். "அந்த மாதிரி மாரடைப்புல எப்படியும்..."

"எப்படியும்னு சொல்றீங்களே. திரும்பிப் பாத்தீங்களா?"

"இல்ல, பொதுவா..."

"நீங்க கண்ணுக்குத்தானே டாக்டர். அந்தக் கண்ணால ஒரு தடவை அவ முகத்தைப் பாத்தீங்களான்னு கேட்கிறேன். யாராவது ஒருத்தர்? இத்தனை பேர் கழுத்துலயும் தொலைநோக்கி தொங்குச்சே."

டாக்டர் பச்சை மேஜையைப் பார்த்தார்.

"எங்களுக்கும் வருத்தம்தாம்மா," என்றார் கொக்கு. நிஜமாகவே அவர் கண் கலங்கியிருந்தது. அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. "ஆனா அவங்க போன விதத்தை நினைச்சா ஒரு நிம்மதி. எங்களுக்கெல்லாம் இப்படி ஒரு சாவு..."

"கிடைக்கட்டும் சார். உங்களுக்கும் கிடைக்கட்டும். பின்னாடி இத்தனை பேர் நின்னு வேடிக்கை பாக்கட்டும். நீங்க கையைத் தூக்குங்க, நாங்க உட்காருறோம்."

"ஏம்மா, சார்கிட்ட சண்டை போடறியா?"

அத்தான். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. காலையில் சவரம் செய்துகொண்டபோது தாடையில் வெட்டிக்கொண்டிருந்தார். அதன் மேல் ஒட்டிய காகிதத் துணுக்கு அப்படியே இருந்தது. இருந்திருந்தால் அக்கா அதை எச்சில் தொட்டு எடுத்திருப்பாள்.

"சண்டை இல்ல அத்தான்," என்றாள். "கேட்டுக்கிட்டிருந்தேன்."

"என்ன கேட்டே?"

இப்போது சொல்லிவிடலாம். வலது காதுப் பக்கம்தான் நின்றாள். நாலு வார்த்தை போதும். சொல்லிவிட்டால் இந்தக் கூட்டத்தை வாசலோடு அனுப்பிவிடுவார். அந்தப் படத்தைத் தூக்கி எறிவார். எறியாவிட்டாலும் அவளுடைய கோபத்துக்கு ஒரு துணை கிடைக்கும். தனியாகக் கோபப்படுவது பெரிய பாரம். கொக்கும் டாக்டரும் அவள் வாயையே பார்த்தார்கள். மரத்தில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிறவர்கள் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு.

"படம் பாத்தியா?" என்றார் அத்தான். "எவ்வளவு சிரமப்பட்டுக் கொண்டுவந்திருக்காங்க. வாழ்க்கை பூரா அவ ஊசியையும் நூலையும்தான் பாத்தா. கடைசியா ஒரு அழகானதைப் பாத்திருக்கா. எனக்கு அது போதும்மா." தாடையைத் தடவினார். காகிதத் துணுக்கு விழவில்லை. "என்ன கேட்டே சார்கிட்ட?"

"எத்தனை பேர் மயானத்துக்கு வர்றாங்கன்னு கேட்டேன்."

"எல்லாரும் வருவாங்க. இல்லையா சார்?"

"எல்லாரும் வர்றோம் சார்," என்றார் கொக்கு. சத்தமாகவே சொன்னார். பிறகு சின்னவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் போய் நன்றி வந்திருந்தது. அந்த நன்றியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. நீயும் எங்கள் ஆள் ஆகிவிட்டாய், உனக்கும் வாயை மூடிக்கொள்ளத் தெரிகிறது என்று முதுகில் தட்டுகிற மாதிரி இருந்தது.

பேச்சு நடந்தது. அமைதியின் அருமையை அறிந்தவர் என்றார். சொல்லாமல் சொன்னவர் என்றார். தன் கடைசி அசைவால் எங்களுக்கெல்லாம் ஒரு பரிசைக் காட்டிவிட்டுப் போனவர் என்றார். மூன்றாம் மாடிக்காரி தேம்பினாள். பிறகு மௌன அஞ்சலி. குடியிருப்புக்காரர்கள் இருமினார்கள், யாருடைய போனோ முனகியது, ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. குருவிக் கூட்டம் மட்டும் சுவரோரம் வரிசையாக, இமைகூட ஆடாமல் நின்றது. அதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர்கள் இருவர் உள்ளே வந்து, சுவரில் சாய்ந்திருந்த மூடியைத் தூக்கினார்கள். குடியிருப்புக்காரர்கள் பெட்டியருகே வந்து கடைசியாகப் பார்த்துவிட்டு விலகினார்கள். குருவிக் கூட்டம் சுவரை விட்டு நகரவில்லை. மரியாதையான தூரம். வந்ததிலிருந்து அவர்களில் ஒருவரும் பெட்டிக்குப் பக்கத்தில் வரவில்லை என்பது அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது. படத்தை வைத்தவர்கள்கூடத் தலைமாட்டுக்குப் பின்னாலிருந்தே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் வண்டிக்காரர்களிடம். பெட்டியின் விளிம்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "இவங்க இன்னும் பாக்கலை."

கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிற குரல்.

"பரவாயில்லம்மா, நேரமாகுது," என்றார் டாக்டர்.

"நேரம் இருக்கு டாக்டர். இவ்வளவு தூரம் வந்துட்டு முகத்தைப் பாக்காமப் போவாங்களா. ஒவ்வொருத்தரா வாங்க."

"ஆமா ஆமா, வாங்க," என்று அத்தான் எழுந்து நின்று கையைக் காட்டினார். "அவளுக்கு உங்க எல்லார் மேலயும் ரொம்பப் பிரியம். வாங்க."

வேறு வழி இல்லை. வரிசை அசைந்தது. டாக்டர்தான் முதலில் வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, அக்காவின் காலடியைப் பார்த்துவிட்டு நகரப் போனார்.

"முகத்தை, டாக்டர்."

அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்தபின் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலத் தொங்கவிட்டுக்கொண்டு போனார். கேமராக்காரர் வந்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார், சின்னவள் காத்திருந்தாள், கண்ணை முழுதாகத் திறந்து பார்த்தார். சேற்று நிறமும் இலை நிறமுமாக ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். அவள் யாரையும் திட்டவில்லை. "பாத்தாச்சா?" என்று மட்டும் கேட்டாள். பார்த்தாச்சு என்று வாயால் சொன்ன பிறகே அடுத்தவரை விட்டாள். வங்கிக்காரி வந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் குனிந்து, அக்காவின் காதோரம் ஏதோ சொன்னாள். நின்று பார்த்தாள். அவளாகவே நகரும்வரை வண்டிக்காரர்களும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கடைசியில் கொக்கு மிஞ்சினார். பெட்டியின் கால்மாட்டோடு நின்றுவிட்டார்.

"இங்க இருந்தே தெரியுதும்மா."

"தெரியாது சார். கிட்ட வாங்க."

அத்தான் அவர் முழங்கையைப் பிடித்துத் தலைமாட்டுக்குக் கூட்டிவந்தார். "இங்க நில்லுங்க சார், இங்க இருந்து நல்லாத் தெரியும்."

கொக்கு கழுத்தை நீட்டிக் குனிந்தார். பின்னுக்கு இழுத்தார். மறுபடி குனிந்தார். சட்டையின் மேல்பையைத் தடவினார், இல்லை. பக்கத்துப் பையின் பட்டனைத் திறந்து உள்ளே விரலை விட்டார். பதினாலு பை வேண்டும் என்று கேட்டு, அக்காவிடமே தைத்து வாங்கிய சட்டை அது.

"கண்ணாடி," என்று கிசுகிசுத்தார். "கிட்டத்துல பாக்கக் கண்ணாடி வேணும்."

"தேடுங்க சார்," என்றாள் சின்னவள். "மெதுவாத் தேடுங்க."

வெளியே ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். யாரும் வராததைப் பார்த்து அணைத்தார். மூடியைத் தூக்கி வந்தவர்கள் அதைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்கள். கொக்கு ஒரு பையை மூடி அடுத்த பையைத் திறந்தார்.